ஷாஹிதா போட மறுத்த கையெழுத்து

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வேதியியல் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மேசைமேல் என் போன் விடாமல் அதிர்ந்தது. எடுத்தேன். ஷாஹிதாவின் தம்பி இம்ரான். "அக்கா போய்ட்டாங்க மேடம். இப்பதான், ஆஸ்பத்திரியிலயே" என்றார். திரவம் சொட்டும் பியூரெட் குழாயைத் திறந்துவைத்தபடியே மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். மூடச் சொல்லிவிட்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

அன்று மாலையே ஆம்பூரில் நல்லடக்கம் நடந்தது. தம்பி வீட்டில் பெண்கள் அமர்ந்திருந்த அறையில் எனக்கும் இடம் தந்தார்கள். ஷூ கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்த எங்கள் ஆராய்ச்சி மாணவி கவிதா, என் தோளில் சாய்ந்து அழுதாள். ஷாஹிதாவை அறிந்த உங்களில் பலருக்கு அவரது கண்டிப்பு தெரியும். கவிதாவுக்காக அவர் செய்தது சிலருக்குத்தான் தெரியும். கவிதாவின் சம்மதத்தோடு அதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியில் ஷாஹிதா ஆங்கிலம் கற்பித்தார். நான் வேதியியல். இருவரும் வேலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வந்து சிநேகிதிகளானோம். வியாழக்கிழமை மதியங்களில், நூலகத்தை ஒட்டிய அறையில், ஆராய்ச்சி மாணவர்களுக்கு எழுத்து வகுப்பு ஒன்றை அவர் நடத்தினார். யாரும் அதை நடத்தச் சொல்லவில்லை. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும்போது, பயத்தில் அடுத்தவர் வாக்கியங்களை அள்ளிப்போட்டுக்கொள்கிறார்கள் என்பதை அவர் கண்டிருந்தார்.

அவர் முறை எளிமையானது. படித்த கட்டுரையை மூடச் சொல்வார். அதில் என்ன இருந்தது என்று தமிழில் சொல்லச் சொல்வார். சொன்னதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதவைப்பார். பிறகுதான் கட்டுரையைத் திறந்து சரிபார்த்து, யாருடைய கருத்து என்று குறிக்க வேண்டும். எழுத்துப்பிழைக்கெல்லாம் கோபப்பட மாட்டார். "இங்கிலீஷ் தப்பா இருந்தா திருத்திக்கலாம். பொய்யா இருந்தா இன்னாத்த திருத்துறது?" என்பார்.

அவரும் தவறியதுண்டு. சோளிங்கர் பக்கத்துப் பெண் ஒருத்தி மிக நேர்த்தியான கட்டுரை ஒன்றைக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் எழுதித் தந்தது என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டார் ஷாஹிதா. அந்தப் பெண் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்து, எல்லோர் எதிரிலும் புதிதாக ஒரு பக்கம் எழுதினாள். அதே நேர்த்தி. ஷாஹிதா அதைப் படித்து முடித்து எழுந்து நின்றார். "நான் தப்பா நெனச்சுட்டேம்மா. எல்லார் முன்னாடியும் சொன்னேன், அதனால எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்குறேன்" என்றார். அன்றிலிருந்து, மாணவரை நேரில் உட்காரவைத்துப் பேசாமல் யாரைப் பற்றியும் அவர் முடிவுக்கு வந்ததில்லை.

கவிதா அவரிடம் வந்தது அதற்குப் பிறகு. ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே எங்கள் கல்லூரியில் பகுதிநேர ஆராய்ச்சி செய்தாள். பாலாற்றங்கரைக் கிணறுகளின் நீரில் தோல் தொழிற்சாலைக் கழிவின் தாக்கம் அவள் தலைப்பு. விடுமுறை நாளெல்லாம் கிணறு கிணறாகப் போய் நீர் எடுத்தவள் அவள். பட்டம் கிடைத்தால் ஆய்வகப் பொறுப்பாளர் பதவி தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், ஆங்கிலம் சரியாக இருக்கிறது என்ற மொழிச் சான்றிதழில் ஷாஹிதா கையெழுத்திட வேண்டும்.

ஒருநாள் பஸ்ஸில் அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஷாஹிதா வாய்விட்டுச் சிரித்தார். "சுகந்தி, இதப் பாரு. ஆம்பூர்ல தோலெல்லாம் சூரியக் குளியல் எடுக்குதாம்!"

தோல் பதனிடுவதை ஆங்கிலத்தில் டேனிங் என்கிறோம். வெயிலில் படுத்து உடம்பைப் பழுப்பாக்கிக்கொள்வதற்கும் அதே சொல்தான். யாரோ எழுதியதை எடுத்து, மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் சொல்லுக்குச் சொல் மாற்றித் தரும் மென்பொருளில் போட்டிருக்கிறார்கள். அது பதனிடுதலைச் சூரியக் குளியலாக்கிவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது ஷாஹிதாவின் முகம் மாறியிருந்தது. "தோல் ஊர்ல பொறந்த பொண்ணு. இத ஒருதடவ படிச்சிருந்தாகூடத் தெரிஞ்சிருக்குமே. அவ படிக்கவே இல்ல" என்றார்.

மறுநாள் கவிதாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நானும் இருந்தேன். அவள் மறைக்கவில்லை. ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் நெறியாளர்தான் அவளை வேலூரில் ஒரு கடைக்கு அனுப்பியிருக்கிறார். சோதனையில் வந்த எண்களைக் கொடுத்தால் முழு ஏட்டையும் எழுதித் தந்துவிடுவார்களாம்.

"எனக்கு இங்கிலீஷ் வராது மேடம். எல்லாரும் இப்டிதான் பண்றாங்கன்னு சார் சொன்னாரு."

"கெணத்துல தண்ணி எடுத்தது யாரு?"

"நான்தான்."

"டெஸ்ட் பண்ணது?"

"நான்தான் மேடம்."

"அப்போ எழுதறதும் நீதான். ஒம் பேருல வேற யாரோ இன்னாத்துக்குப் பேசணும்?"

விஷயம் நெறியாளருக்குப் போயிற்று. அவர்தான் துறைத்தலைவர், செல்வாக்கு உள்ளவர். ஆசிரியர் ஓய்வறைக்கே வந்துவிட்டார். "சாஃப்ட்வேர் ரிப்போர்ட்ல காப்பி ரொம்ப கம்மின்னு வந்துருக்கு. நீங்க இலக்கணத்த மட்டும் பாத்து சைன் பண்ணுங்க மேடம். ஜாஸ்தி யோசிக்காதீங்க" என்றார்.

"இலக்கணத்தத்தான் பாத்தேன் சார். எழுவாயே இல்ல. எழுதினது யாருன்னு தெரியல" என்றார் ஷாஹிதா. குரல் உயரவில்லை. காகிதக் கட்டை அவர் பக்கமே தள்ளிவைத்தார்.

அந்த வாரமே சான்றிதழ் பொறுப்பிலிருந்து ஷாஹிதாவை நீக்கினார்கள். வேறொருவர் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். கவிதா பேசாமல் இருந்திருந்தால் ஏடு அப்படியே போய்ச் சேர்ந்திருக்கும். அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு அலுவலகத்துக்குப் போய், ஏட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள். நெறியாளர் அவளைக் கைவிட்டார். கம்பெனியில் அந்தப் பதவி இன்னொருவருக்குப் போனது. அவள் வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. நான் நெறியாளராகப் பொறுப்பேற்றேன். பல்கலைக்கழகம் ஓராண்டு நீட்டிப்புத் தந்தது.

அந்த ஓராண்டைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். ஷாஹிதாவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்ததும் அப்போதுதான். சிகிச்சை முடிந்த வாரங்களில் சோறே இறங்காது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கவிதாவை வீட்டுக்கு வரச் சொல்லிவிடுவார். கட்டிலில் சாய்ந்தபடியே, "ம், சொல்லு. இந்த அத்தியாயத்துல இன்னா கண்டுபிடிச்ச?" என்பார். அவள் தமிழில் சொல்ல, அதை ஆங்கிலத்தில் அவளே எழுத வேண்டும். ஷாஹிதா ஒரு வாக்கியத்தைக்கூட எழுதித் தந்ததில்லை. "நீங்க ஒரு வரி சொல்லிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும் மேடம்" என்று அவள் கெஞ்சியதை நானே கேட்டிருக்கிறேன். "முடியும். அப்புறம் அது ஒன்னோடதா இருக்காதே" என்றார்.

கடைக்காரர் எழுதிய ஏட்டில், எல்லாக் கிணறுகளிலும் கடைசிவரை நீர் எடுத்ததாக இருந்தது. உண்மையில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கிணற்றை இடையிலேயே மூடிவிட்டார்கள். அதை எழுதினால் ஆய்வு குறையுள்ளதாகத் தெரியுமே என்று கவிதா தயங்கினாள். ஷாஹிதா ஒரு பென்சிலை மட்டும் அவளிடம் நீட்டினார். நெடுநேரம் கழித்து அவள் ஆங்கிலத்தில் எழுதினாள்: அந்தக் கிணறு மூடப்பட்டது, அதன் பிறகு அங்கே என்னால் நீர் எடுக்க முடியவில்லை. ஷாஹிதா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் புஸ்தகத்துலயே நல்ல வாக்கியம் இதான்" என்றார்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் வந்தார். எண்கள் ஏன் பாதியில் நிற்கின்றன என்று கேட்டார். கவிதா நிதானமான, தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னாள். மூடப்பட்ட கிணறு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்றும் சொன்னாள். தேர்வாளர் தலையசைத்துப் பக்கத்தைத் திருப்பினார். பட்டம் பரிந்துரைக்கப்பட்டது. கடைசி வரிசையில், தலைமுடி உதிர்ந்த தலையைத் துப்பட்டாவால் மூடி உட்கார்ந்திருந்த ஷாஹிதா, வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் சரி. நடுவுல ஒரு 'the'ய முழுங்கிட்ட." கவிதா அழுதுகொண்டே சிரித்தாள். கம்பெனியில் அந்தப் பதவி அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி கேட்கப்போகிறாள்.

நல்லடக்கத்துக்குப் பிறகு, வியாழக்கிழமை வகுப்பு இனி தேவையா என்ற பேச்சு கல்லூரியில் வந்தது. மென்பொருள்தான் இருக்கிறதே என்றார்கள். நடத்துவேன் என்று சொன்னேன். ஷாஹிதாவின் ஆங்கிலம் எனக்கு வராது. ஒரு வாக்கியத்தின் சொந்தக்காரர் யார் என்று கேட்கத் தெரியும். விடுப்பு கிடைக்கும் வாரங்களில் கவிதாவும் வருகிறாள்.

முதல் வகுப்பில் ஆற்காட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்தார். "மேடம், உண்மைய சொல்லிடறேன். இந்த மூணு பக்கம் எனக்கே புரியல."

"அப்போ எடுத்துருங்க."

"எடுத்துட்டா ரொம்ப கம்மியாயிடுமே மேடம்."

"ஆகட்டும்" என்றேன். கொஞ்சமும் தயங்காமல் வந்தது அந்தச் சொல். அப்படிச் சொல்லும் துணிவைத்தான் ஷாஹிதாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். மாணவர் அந்த மூன்று பக்கங்களையும் உருவி எடுத்துவிட்டு, வெள்ளைத்தாள் ஒன்றை முன்னால் வைத்து, பேனாவைத் திறந்தார்.