கிரீன் ஓரத்தில் பட்டரா, சிப்பா: 1962 சிங்கப்பூர்ப் பயணம்

1962 பள்ளி விடுமுறையில் மலாயாவின் குளுவாங்கிலிருந்து சிங்கப்பூர் போனோம். என் கணவர் தேவசகாயம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, நான் தோட்டப் பள்ளி ஆசிரியை. ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை விட்டுச்சென்ற பழைய மட்டைகளில்தான் இருவரும் கோல்ஃப் பழகினோம். இவருடைய பள்ளித் தோழர் சுந்தரம், "ஜோடியா வாங்க, ஆடிப் பாப்போம்" என்று அழைத்திருந்தார். பள்ளிக் காலத்திலிருந்து எதிலும் இவர் சுந்தரத்தை ஜெயித்ததில்லை. மட்டைப் பையை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

ரயில் மூன்று மணி நேரம். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்தில் இறங்கி, சிராங்கூன் சாலைக்கு டாக்சியில் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு டாலர். சுந்தரம் வீடு ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில். பகலில் கட்டில்கூட அதிரும். தூங்க நினைப்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

சனிக்கிழமை காலை நகரின் வடக்கே ஒன்பது குழி மைதானத்துக்குப் போனோம். (தேடாதீர்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள்.) ஜோடிக்கு ஒரே பந்து, கணவனும் மனைவியும் மாறிமாறி அடிக்க வேண்டும். எட்டுக் குழிவரை சமம். ஒன்பதாவதில் சுந்தரமும் அவர் மனைவி ரோசியும் ஆடி முடித்துவிட்டார்கள். நாங்கள் இன்னும் இரண்டு அடியில் குழிக்குள் போட்டால் வெற்றி, மூன்றானால் சமம்.

அடுத்த அடி என்னுடையது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைக் கிரீன் என்பார்கள். பந்து அதற்கு நாலு எட்டு வெளியே கிடந்தது. சிப் அடித்தால் பந்து சற்றே எழும்பி, கிரீனில் விழுந்து உருளும். பட்டர் என்ற தட்டை முக மட்டையால் தட்டினால் முழுக்கத் தரையோடு ஓடும்.

இவர் அருகில் வந்து, "சிப் அடி ஸ்டெல்லா. இங்கேருந்து பட்டர் எடுத்தா பயந்துட்டோம்னு நினைப்பாங்க" என்றார்.

"பந்துக்கு அடியில புல்லே இல்லைங்க, கட்டித் தரை. மட்டை எகிறிடும்."

"சுந்தரம் பாக்கிறான்."

நான் பட்டரை எடுத்தேன். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பந்து புல்லில் கொஞ்சம் தயங்கி, கிரீனில் ஏறி, குழிக்கு இரண்டடி தள்ளி நின்றது. இனி இவர் தட்ட வேண்டியதுதான். தட்டினார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றி வெளியே வந்து நின்றது. மிச்சத்தை நான் தள்ளி விட்டேன். சமம்.

"சமம்னா சமம்தான் லா, வாங்க சாப்பிடலாம்" என்று சுந்தரம் சிங்கப்பூர்ப் பேச்சில் சொல்லிச் சிரித்தார். சிராங்கூன் சாலை இலைச் சாப்பாட்டுக் கடையில் அவரே பேச்சை எடுத்தார். "ஏன் தங்கச்சி, அங்கேருந்து யாராச்சும் பட்டர் எடுப்பாங்களா? சிப் அடிச்சிருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

இவர் தலையாட்டுவார் என்றுதான் இருந்தேன். இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அவ சரியாத்தான்டா வச்சா. ரெண்டடி தூரத்துல கோட்டை விட்டவன் நான்" என்றார். சுந்தரத்திடம் இவர் எதையும் ஒப்புக்கொண்டு நான் கேட்டது அன்றுதான். ரோசி எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

இனி போகிறவர்களுக்கு: குடை கட்டாயம், மதிய மழை சொல்லிக்கொண்டு வராது. கிரீன் ஓரத்தில் முதலில் பந்துக்கு அடியில் பாருங்கள். தரை கட்டியாக, வழி சமமாக, புல் குட்டையாக இருந்தால் பட்டர். நடுவில் உயர்ந்த புல்லோ மேடோ இருந்தால் சிப். மழை பெய்திருந்தால் பட்டரைக் கொஞ்சம் அழுத்தித் தட்டுங்கள். ஜோடியாக ஆடினால், மட்டை யார் கையில் இருக்கிறதோ அவரே முடிவெடுக்கட்டும். ஊர் திரும்பும் ரயிலில் இவரும் அதையேதான் சொன்னார். மட்டைப் பை அப்போது என் மடியில் இருந்தது.