ஏழிலிருந்து ஒன்பது வரை

ஒசாகாவில் பகலுக்கு ஒரு கூட்டம், இரவுக்கு ஒரு கூட்டம். ஒன்று படுக்கும்போதுதான் மற்றது எழும். தொமினாகா சயோகோ இரவுக் கூட்டம். ஐம்பத்தெட்டு வயது. ஓடி முடித்த ரயில்கள் கொட்டகைக்கு வந்ததும் பெட்டி பெட்டியாகத் துடைப்பது அவள் வேலை. பக்கத்து அறை குனிமொத்தோ பகல் கூட்டம். எழுபது வயதிலும் கட்டடம் கட்டுகிற இடத்தில் விளக்குத் தடியை ஆட்டி லாரிகளுக்கு வழிகாட்டுகிற மனுஷர். காலை ஏழு மணிக்கு இவள் படியேறுவாள், அவர் இறங்குவார். ஆளுக்கொரு தலைவணக்கம், அவ்வளவுதான். பதினோரு வருஷப் பேச்சைச் சேர்த்தாலும் ஒரு தபால் அட்டை நிறையாது.

நடுவில் இருந்த சுவர் வெறும் அப்பளம். செவ்வாய்க்கிழமை காலை அவள் வந்து டிவியைப் போட்டதும் அந்தச் சுவரில் டொக், டொக் என்று தட்டல் கேட்டது. சயோகோவுக்கு உயிரே போய்விட்டது. சுவரைத் தட்டினால் என்ன அர்த்தம் என்று அந்தக் கட்டடத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்: உன் சத்தம் தாங்க முடியவில்லை, அடக்கு!

டிவியை அணைத்தாள். பாதியில் துணி துவைக்கும் இயந்திரத்தை நிறுத்தினாள். செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நடந்தாள். அப்படியும் தட்டல் விடவில்லை. அவருடைய போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கக்கூட மனமில்லாத கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பது மணிக்குத்தான் நின்றது. அன்று மாலை அரிசி முறுக்குப் பெட்டி ஒன்று வாங்கி, மன்னிப்புச் சீட்டும் எழுதி, பையோடு அவர் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

புதன்கிழமை காலையும் தட்டல். ஆனால் மெதுவாக, விட்டு விட்டு. அப்பாடா, கோபம் தணிகிறது என்று நிம்மதியாகப் படுத்தாள். படுத்தாளே, பாவி!

வியாழன் விடியலில் கொட்டகையில் துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டே கூட்டாளி ரிட்சுகோவிடம் இதைப் பெருமையாகச் சொன்னாள்.

"முறுக்கைத் தின்னதும் வாய் அடங்கிருச்சா?" என்று ரிட்சுகோ சிரித்தாள். "நீ அவரை வளைச்சுப் போடத்தான் பாக்குற. ஆமா, எப்பத் தட்டினாரு?"

"நான் வந்ததும். ஏழே கால் இருக்கும்."

"ஏழே காலுக்கா? அடியே, அந்நேரம் அவரு வேலைக்குல்ல போயிருப்பாரு? படியில பாத்தியா?"

பார்க்கவில்லை. இரண்டு நாளாகவே பார்க்கவில்லை. கோபத்தில் தன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் உள்ளேயே இருக்கிறார் என்று நினைத்திருந்தாள். ஒரு நாளும் வேலைக்கு மட்டம் போடாத மனுஷர், ஒன்பது மணி வரை வீட்டிலிருந்து சுவரைத் தட்டுவாரா? உடைகூட மாற்றாமல் முதல் ரயிலுக்கு ஓடினாள்.

தினமும் தன் கதவோடு நின்றுவிடுகிறவள், அன்று அதைத் தாண்டிக் கோடியில் இருந்த அவர் அறைக்குப் போனாள். முறுக்குப் பை கதவிலேயே தொங்கியது. போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

"குனிமொத்தோ ஐயா! குனிமொத்தோ ஐயா!" பதினோரு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. வீட்டுக்காரர் சாவியோடு ஓடி வந்து திறந்தார். குளியலறைத் தரையில் இடுப்பு உடைந்து கிடந்தார் குனிமொத்தோ. கையில் மரக் குவளை. துணி துவைக்கத் தொட்டியில் வைத்திருந்த குளித்த தண்ணீரை அதில் மொண்டு குடித்துத்தான் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரைத் தட்டியதும் அதே குவளையால்தான். சயோகோ போட்டிருந்த வேலை உடையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உதவி கேட்டு ஒரு மனுஷர் தட்ட, இவள் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள்!

மூன்றாம் நாள் மருத்துவமனையில் அவரால் பேச முடிந்தது. இவளைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"தொமினாகா அம்மா, உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். மன்னிச்சுக்கணும்."

"ஐயோ, நீங்களா மன்னிப்புக் கேக்குறது? நீங்க திட்டுறீங்கன்னு நெனச்சேனே நான், முட்டாள்!"

"கத்தக் குரல் வரல. நீங்க ஏழு மணிக்கு வருவீங்கன்னு தெரியும். அதுவரைக்கும் தெம்பைச் சேத்து வெச்சுத் தட்டினேன்."

"அப்புறம் ஏன் ஒம்பது மணிக்கு நிறுத்தினீங்க? பகல் பூரா நான் பக்கத்துலதானே இருந்தேன்!"

இது என்ன கேள்வி என்பதுபோல் அவர் அவளைப் பார்த்தார்.

"அது நீங்க தூங்குற நேரமாச்சே அம்மா."