வடக்கு கேலரியின் முதல் குரல்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் அவரை எல்லாரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிக் கேட்டால் பக்கத்தில் வேலை பார்ப்பவருக்கே யாரென்று தெரியாது. நாலு பெரிய மெஷின்கள் ஒரே நேரத்தில் சுற்றும் அந்த இடத்தில், கதவோரம் நின்று "வண்டி வந்தாச்சு!" என்று அவர் குரல் கொடுத்தால் கடைசி மூலைவரை கேட்கும். நாற்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு. அதற்குள்ளிருந்து இத்தனை சத்தம் எப்படி வருகிறது என்பது மாடியிலிருக்கும் டாக்டர்களுக்கே விளங்காத விஷயம்.

அந்தக் குரலுக்கு மரியாதை கிடைத்தது ஒரே இடத்தில்தான். வீட்டில் அவர் பேச ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். வேலையில் சூப்பர்வைசர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிடுவார். சனிக்கிழமை மதியம் ஊர் கால்பந்து அணி ஆடும்போது, வடக்கு கேலரியில் மட்டும் கதையே வேறு. அங்கே முதல் குரல் அவருடையது. அவர் ஒரு வரி கத்துவார், நானூறு பேர் அதைத் திருப்பிக் கத்துவார்கள். அவர் தொடங்காமல் வேறு யாரும் தொடங்குவதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். பதினாறு வருஷமாக அந்த ஒன்றரை மணி நேரத்தை நம்பித்தான் மனுஷன் மீதி வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

சலவைக்கூடத்தில் அவருக்கு ஜோடி, அவர் அண்ணன் என்று கூப்பிடும் மூத்த தொழிலாளி ஒருவர். கடல் தாண்டி வந்து குடியேறிய கருப்பினக் குடும்பம் அவருடையது. அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊரில்தான். இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வெளியே வரும் படுக்கைவிரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து, கையோடு கை சேர்த்து மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு, ஏழு வருஷம். கட்டின மனைவியின் கையைக்கூட சைரன் இத்தனை தடவை பிடித்ததில்லை. அண்ணனின் பதினொரு வயது மகள் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"பாப்பாவ ஒரு தடவை மேட்ச்சுக்குக் கூட்டிட்டு வாங்கண்ணே" என்று சைரன் நச்சரிப்பார்.

"எங்க ஆளுங்களுக்கு அந்த இடமெல்லாம் ஒத்து வராதுப்பா" என்று அண்ணன் நழுவிவிடுவார்.

"நான் இருக்கேன்ல? எவன் என்ன சொல்லிடுவான்?"

அந்தச் சனிக்கிழமை ஊர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டியை எதிரணி கோல்கீப்பர் பாய்ந்து தடுத்துவிட்டான். கருப்பினப் பையன், இருபது வயதுகூட இருக்காது. சைரனுக்குக் கண்மண் தெரியாத ஆத்திரம். எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, குரங்கு மாதிரிச் சத்தம் போட்டார். நானூறு பேரும் திருப்பிப் போட்டார்கள். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். சைரன் சிரித்தார். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார்.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் முதல் இருபது விரிப்புவரை வாயே திறக்கவில்லை.

"என்னண்ணே, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"சனிக்கிழமை மேட்ச்சுக்கு வந்தோம்பா. பாப்பாவுக்குப் பிறந்தநாள். சித்தப்பாகிட்ட சொல்லாம போய் நின்னா அசந்துடுவாருன்னு அவதான் சொன்னா. டீம் சட்டையெல்லாம் வாங்கிப் போட்டுக்கிட்டா. வடக்கு கேலரியில கீழ் வரிசை."

சைரன் அடுத்த விரிப்பை இழுத்தார்.

"எவனோ ஒருத்தன் மேல இருந்து ஆரம்பிச்சான். மனுஷக் குரல் மாதிரியே இல்ல. அப்புறம் எங்களைச் சுத்தி எல்லாரும். பாப்பா என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, 'சித்தப்பா எங்கப்பா, அவரை வரச் சொல்லுங்க'ங்குறா. உன்னைத் தேடிப் பார்த்தேன். கூட்டத்துல காணோம்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் அமையாது. சைரன் வாயிலிருந்து வந்தது வேறு.

"காய்ச்சல்ணே. வீட்டுலயே படுத்துட்டேன்."

"அதான பார்த்தேன்." அண்ணன் பெருமூச்சு விட்டார். "பாப்பாகிட்டயும் அதான் சொன்னேன். சித்தப்பா இருந்திருந்தா விட்டிருப்பாரான்னு."

அதற்கப்புறம் சைரனுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் அண்ணன், "காய்ச்சல் தேவலையா? பாப்பா கேட்டா" என்பார். முதல் குரல் யாருடையது என்று தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என அணியை நடத்தும் கிளப் அறிவித்தது. நானூறு பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. கேலரிக்காரர் ஒருவர் தெருவில் தோளைத் தட்டி, "நம்ம ஆளை விட்டுக் கொடுப்போமா?" என்று கண்ணடித்தார். சைரன் தோளை உதறிக்கொண்டு நடந்தார்.

"நானூறு பேர் கத்தினாங்க. நீங்க மட்டும் ஏன் போய்த் தலையைக் கொடுக்கணும்?" என்றாள் மனைவி. "பேசாம இருங்க. நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

"நான் ஆரம்பிக்கலைன்னா அவங்க கத்தியிருக்க மாட்டாங்கடி."

"அவ்வளவு பெரிய ஆளா நீங்க?"

பதினாறு வருஷமாக அப்படித்தானே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். பெருமைக்கு முன்னால் நின்றவர் பழிக்கு மட்டும் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நாலு நாளும் அவர் ஒளிந்துகொள்ள இடத்தைத்தான் தேடினார். கேட்டால் தெரியாது என்று சாதிக்கலாமா, வேறு ஊருக்கு மாற்றல் கேட்கலாமா என்றெல்லாம் யோசித்தார். இதில் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் விரிப்பைக் கோணல்மாணலாக மடித்து, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை, விரிப்பை மடித்து இருவர் கையும் சேர்ந்த நேரத்தில் சொல்லிவிட்டார்.

"அண்ணே, எனக்குக் காய்ச்சல் இல்ல. நான் அங்கதான் இருந்தேன். ஆரம்பிச்சதே நான்தான்."

அண்ணன் கையை விட்டுவிட்டார். விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. அடிக்கட்டும், வாய்க்கு வந்தபடி திட்டட்டும் என்று சைரன் நின்றார். அண்ணன் குனிந்து விரிப்பை எடுத்து அழுக்கு வண்டியில் போட்டார். அதற்கே வெகு நேரம் ஆனது.

"பாப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு."

மதியம் கிளப் அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரை எழுதிக் கொடுத்தார் சைரன். இனி ஆயுசுக்கும் மைதானத்துப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். உயிரே போய்விடும் என்று பயந்திருந்தார், வலியே தெரியவில்லை. மனசெல்லாம் சாயங்காலத்தின் மீதே இருந்தது.

அண்ணனுடைய வீடு மூன்றாவது மாடியில். பள்ளிச் சீருடைகூட மாற்றாமல் பாப்பா மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணன் கதவைத் திறந்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். உட்கார் என்று சொல்லவில்லை. சைரன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல் பொய் என்றார், முதலில் கத்தியது தானே என்றார். பாதிக்கு மேல் குரல் உடைந்துவிட்டது.

"நீ அங்க இருக்கேன்னு எனக்குத் தெரியாதும்மா. உன்னை மட்டும் பார்த்திருந்தா, சத்தியமா வாயே திறந்திருக்க மாட்டேன்."

ஐந்து நாளாக அவர் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்ததே இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான். அது பொய்யும் இல்லை.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. பாடத்தில் புரியாத இடத்தைக் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"அந்த கோல்கீப்பர் அண்ணனைப் பார்த்துக்கிட்டுத்தானே கத்துனீங்க?"