செத்தவீட்டுக்குப் போன பெரிய லென்ஸ்

கார்த்திகை மழைக்குள் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கரையூரில் நின்றேன். பத்திரிகைக்கு வெள்ளப் படம் எடுக்கப் போனவன். கடைசியில் எடுத்தது ஒரு செத்தவீட்டுப் படம்.

சூசை என்பவரின் வள்ளம் வாடைக்காற்றில் கவிழ்ந்துவிட்டது. மறுநாள் காலை உடல் கரை ஒதுங்கியது. மனைவி திரேசம்மா. எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. கடலில் கிடந்த உடல்... அன்று பின்னேரமே அடக்கம் செய்தாகவேண்டும் என்று சுவாமியார் சொல்லிவிட்டார்.

என் தோளில் கமராவைக் கண்டதும் திரேசம்மா எழுந்து வந்தார்.

"அண்ணை, அவரின்ரை படம் எண்டு எங்களிட்டை ஒண்டும் இல்லை. கலியாணத்துக்கும் எடுக்கேல்லை. இவள் நாளைக்கு அப்பா ஆரெண்டு கேட்டால் நான் எதைக் காட்டுறது? ரெண்டு பேரையும் ஒண்டா வைச்சு ஒரு படம் எடுத்துத் தாங்கோ."

ஒரு படம். அதில் இரண்டு முகம். கேட்டது அவ்வளவுதான்.

செத்தவீட்டுப் படம் நமக்குப் புதிதல்ல. பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர் நிற்பார்கள். முற்றத்து வெளிச்சத்தில் எடுப்போம். அன்று முற்றம் எங்கே இருந்தது? முழங்கால் தண்ணீர். மழையும் விடவில்லை. கிடுகு வேய்ந்த வீட்டுக்குள் ஒரு கதவு, ஒரு சின்ன யன்னல், தலைமாட்டில் மெழுகுதிரிகள் — வெளிச்சம் என்று இருந்தது அதுதான். பிளாஷ் பல்ப்? இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் அதைக் கொழும்பிலேயே தேடவேண்டியிருக்கிறது.

என்னுடையது ரேஞ்ச்ஃபைண்டர் கமரா. பார்க்கும் துவாரத்தில் இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்கினால் தூரம் சரியாகிவிடும். அதற்கு இரண்டு லென்ஸ் வைத்திருக்கிறேன். ஒன்று சின்னது. மடக்கினால் கமராவுக்குள்ளேயே போய்விடும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். ஆனால் மூன்றரை என்ற எண்ணோடு அதன் வாய் நின்றுவிடும். மற்றது தேத்தண்ணிக் கிளாஸ் பருமன், ஈயக்குண்டு பாரம். ஒன்றரை வரை திறக்கும்; எண் குறையக் குறைய வாய் பெரிது. சின்னதைவிட ஐந்து மடங்கு வெளிச்சம் குடிக்கும்.

இருட்டு வீட்டுக்குப் பெரியதுதானே என்பீர்கள். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு வழியில் காணும் வாசகர்கள் என்னைக் கேட்பதும் இதுதான் — எதை வாங்க?

வெளிச்சம் சும்மா வருவதில்லை. பெரியதை முழுக்கத் திறந்தால் தெளிவாக விழுவது ஒரு சாண் ஆழம் மட்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் பஞ்சு. சூசையின் முகமா, குழந்தையின் முகமா? ஒன்றுதான் கிடைக்கும்.

இரண்டு முகத்தையும் ஒரே தூரத்தில் வைத்தால் தீர்ந்தது. குழந்தையை அப்பாவின் கன்னத்தோடு பிடிக்கச் சொன்னேன். சூசையின் சித்தி பாய்ந்து வந்தார்.

"உமக்கென்ன விசரே தம்பி? பச்சைப் பிள்ளையைப் பிரேதத்தோடை அணைக்கிறதோ? ஒரு முழம் தள்ளி வைச்சு எடும். கடலிலை போனவன்ரை மூச்சுப் பிள்ளையிலை படக்கூடாது."

எந்த மூச்சு?

சூசையின் இடது கன்னத்தை மீன் தொட்டிருந்தது. அங்கே வெள்ளைத் துணியை மடித்து வைத்திருந்தார்கள். ஆகவே வலப்பக்கம் நின்றுதான் எடுக்கவேண்டும். குழந்தையோ பெட்டிக்கு அப்பால், சித்தி சொன்ன அந்த ஒரு முழம் பின்னால்.

மூன்றரையில் எடுத்தால் அந்த முழமும் தெளிவாக விழும். அதற்கு ஷட்டர் ஒரு முழு விநாடி திறந்திருக்கவேண்டும். அந்த விநாடிக்குள் ஆடியவரின் முகம் போனது போனதுதான். பெட்டியில் கிடப்பவரைப் பற்றிக் கவலை இல்லை. மற்றவர்கள்?

சின்னதை எடுத்து மாட்டினேன்.

"உதென்ன தம்பி, பொத்தான் மாதிரி?" கேட்டவர் சூசையின் தமையன் அந்தோனி. "சம்மாட்டி வீட்டுக் கலியாணத்துக்கு ஒரு பெரிய கண்ணாடி கொண்டந்தீரே, அது எங்கை?" சம்மாட்டி என்றால் அந்தக் கரையின் வள்ளங்களுக்கு முதலாளி.

"பையுக்குள்ளை இருக்கண்ணை."

"முதலாளிக்குப் பெரிசு, எங்கடை சூசைக்குச் சின்னனோ? அவன்ரை சீவியத்திலை இந்த ஒரு படந்தான். பெரிசாலை எடும்."

பெரியதை மூன்றரைக்கு மூடினால் அதுவும் சின்னதும் ஒன்றுதான். இதைச் செத்தவீட்டில் நின்று விளக்குவதா? பேசாமல் பெரியதை மாட்டினேன். மூன்றரைக்கு மூடினேன். அந்தோனிக்கு அவருடைய மரியாதை. எனக்கு என்னுடைய ஒரு முழம்.

கமராவை வைக்க முக்காலி கொண்டுபோகவில்லை. அந்தோனியே ஒரு கதிரையை இழுத்து, அதன்மேல் ஈர வலையைக் குவித்துத் தந்தார். வலைக்குள் அழுத்தி வைத்தேன், அசையவில்லை.

திரேசம்மா பால் கொடுத்துக் குழந்தையை உறங்கவைத்தார். ஞானஸ்நானத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, பெட்டிக்கு அப்பால் ஒரு நீள மர வாங்கில் தலையணை வைத்துக் கிடத்தினார்கள். படத்துக்கென்று பிள்ளைக்கு இருந்த ஒரே நல்ல உடுப்பு அதுதான். திரேசம்மாவும் சித்தியும் அந்தோனியும் வாங்குக்குப் பின்னால் நின்றார்கள்.

"ஒருத்தரும் ஆடாதேங்கோ. மூச்சைப் பிடியுங்கோ. அழுகையைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ" என்றேன்.

அழுத்தினேன். அந்த ஒரு விநாடி மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

மழை விட்டபின் ஒரு ஞாயிறு, படத்தோடு போனேன். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை — நல்ல வேலைதான். சூசையின் நெற்றி, அந்தப் பக்கக் கன்னத்துத் துணியின் விளிம்பு, கைவிரலில் சுற்றிய செபமாலை எல்லாம் தெளிவு. குழந்தையின் இமைமயிரை எண்ணலாம். மற்றவர்கள்? சித்தி ஒரு வெள்ளைப் புகை. அந்தோனிக்கு மூக்கு இரண்டு. திரேசம்மாவுக்கு முகமே இல்லை; சீலைத் தலைப்புக்கு மேலே ஒரு கலங்கல்.

"பெரிசாலை எடுத்தும் நான் உப்பிடியோ?" என்றார் அந்தோனி.

"நீங்கள் ஆடிப்போட்டியள் அண்ணை."

"நானோ? மரம் மாதிரியெல்லோ நிண்டனான்!"

படம் அப்படிச் சொல்லவில்லை.

திரேசம்மா தன் முகத்தைத் தேடவில்லை. சூசையின் முகத்தில் விரலை வைத்தார். பிறகு குழந்தையின் முகத்தில் வைத்தார். "எனக்கு இது காணும் அண்ணை. ரெண்டு பேரும் இருக்கினம்" என்றார்.

அந்த நேரம் அயல் வளவில் கருவாடு காயவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். செத்தவீட்டுக்குப் பிறகுதான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவராம்.

"ஐயோ மாதாவே... அண்டைக்கு ஒரு பிள்ளையும் செத்ததே?"

நான் படத்தை வாங்கி மறுபடி பார்த்தேன். வெள்ளைச் சட்டை. மூடிய கண். தலையணையில் நீட்டிக் கிடத்திய உடம்பு. உயிரோடு நின்றவர்கள் அத்தனை பேரும் கலங்கிப்போயிருக்க, துல்லியமாக விழுந்தவர்கள் இரண்டு பேர். புதிதாக வந்த ஒருத்திக்கு வேறு எப்படித் தெரியும்? இருட்டறைக்குள் நான் அவ்வளவு நேரம் பார்த்தது இமைமயிரை மட்டும்.

லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் கடையில் கேட்பது ஒரே கேள்வி: இது எதையெல்லாம் பிடிக்கும்? பிடித்ததை வைத்துப் பார்ப்பவர் என்ன கதை கட்டுவார் என்று கடைக்காரரும் சொல்வதில்லை, லென்ஸோடு வரும் தாளும் சொல்வதில்லை.

திரேசம்மா படத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். உள்ளே போனவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கன்னமெல்லாம் சோறு.

"அண்ணை, கமரா கொண்டந்தனீங்களோ?"

சட்டைப்பையில் இருந்தது. சின்ன லென்ஸ்தான். அந்தோனியைப் பார்த்தேன். இந்தமுறை அவர் சின்னதுக்குத் தலையாட்டினார்.

"இவளை இன்னொண்டு எடுங்கோ. முழிச்சிருக்கேக்கை."

"தவழுற பிள்ளை, ஆடிப்போடுவாளே."

"ஆடட்டும். ஆடுறது படத்திலை தெரியவேணும்."

முற்றத்து மணலில் கண் கூசுகிற வெயில். அந்த வெளிச்சத்தில் எந்த லென்ஸும் ஆடுகிற கையை அப்படியே பிடித்து நிறுத்திவிடும். வேண்டுமென்றே லென்ஸின் வாயைப் பதினாறுக்கு மூடி, ஷட்டரை மெதுவாக்கினேன். திரேசம்மா குழந்தையை இறக்கி விட்டார். அது ஒரு கோழிக்குப் பின்னால் மணலில் கையடித்துத் தவழ்ந்து போயிற்று. எடுத்தேன்.

போன கிழமை அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் குப்பைக் கூடையில் போடும் படம். முகம் ஒரு இழுப்பு. கால் எது, மணல் எது என்று தெரியாது.

சூசையின் படம் அலுமாரிக்குள் போய்விட்டது. "அவள் கேக்கேக்கை எடுத்துக் காட்டுறன்" என்றார் திரேசம்மா.

சுவரில் தொங்குவது, நாலு கை வைத்த பிள்ளை.