காரில் சொன்ன வார்த்தை

என் அக்காவின் கணவரை வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'அபிப்பிராயம்' என்பார்கள். "அபிப்பிராயம் வந்தாச்சா?" "அபிப்பிராயம் சாப்பிடப் போயிருக்கு." எதைப் பற்றிக் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அவரிடம் ஒரு கருத்து இருக்கும். குடையை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்பதில்கூட.

அத்தானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. முப்பத்தொரு வருஷம். அந்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. ஒருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று கயிறுகளையும் தண்டவாளத்தையும் பார்ப்பார். இன்னொருவர் மொட்டை மாடியிலுள்ள மெஷின் ரூமில் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழிருந்து குரல் வந்தால்தான் பெட்டியை நகர்த்த வேண்டும். தவறாக நகர்த்தினால் கூரைமேல் நிற்பவர் உயிரோடு இருக்க மாட்டார். அதனால் இந்தத் தொழிலில் கூட்டாளியை மாற்றுவது பெண்டாட்டியை மாற்றுவதைவிடக் கஷ்டம் என்பார் அத்தான். அக்கா பக்கத்தில் இல்லாதபோதுதான் சொல்வார்.

அவருடைய கூட்டாளிக்கு 'சரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எது சொன்னாலும் "சரி" என்றுதான் பதில் வரும். ஒல்லியான ஆள். நீளமான விரல்கள். இருபத்திரண்டு வருஷம் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். ஒருவர் பேசியே தீர்த்தார், மற்றவர் கேட்டே தீர்த்தார். ஜாடிக்கேற்ற மூடி என்று அக்கா சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் சினிமாவுக்குப் போவார்கள். எந்தப் படம் என்பது முக்கியமில்லை. முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடிப்பார்கள். நான் மாடியில் குடியிருந்தேன். அத்தானின் குரல் கேட்டதும் இறங்கி வந்துவிடுவேன், படத்தைவிட அவர் பேச்சு நன்றாக இருக்கும் என்பதால்.

"எல்லாப் படத்துலயும் லிஃப்ட் வருது. லிஃப்டுக்குள்ள சண்டை போடுறான், லவ் பண்றான், குத்துப்பட்டுச் சாகுறான். என்னைக்காவது ஒருத்தன் அதை ரிப்பேர் பண்ணிப் பாத்திருக்கியா? ஹீரோ என்ன வேலை செய்யுறான்னே காட்ட மாட்டேங்கிறாங்க. வேலைக்குப் போறான், வர்றான். நடுவுல என்ன செஞ்சான்?"

"ரிப்பேர் பண்றதை யார் அத்தான் காசு குடுத்துப் பாப்பாங்க?"

"நான் பாப்பேன். இவன் பாப்பான். என்னடா?"

"சரி," என்பார் நண்பர்.

நட்பைப் பற்றியும் கருத்து உண்டு. "சொல்லாம ஒருத்தன் வீட்டுக்குப் போக முடிஞ்சா அவன் சிநேகிதன். போன் பண்ணி 'வரலாமா'ன்னு கேட்டா அவன் தெரிஞ்சவன். அவ்வளவுதான் வித்தியாசம்." இப்படி அவர் சொன்ன நூறு கருத்துகளில் தொண்ணூறு மறந்துவிட்டன. அவற்றால் யாருக்கும் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

சரிக்கு ஐம்பத்து நாலு வயதானபோது கண்ணில் கோளாறு வந்தது. முதலில் கவனித்தது அத்தான்தான். ஒருநாள் லிஃப்ட் குழிக்குள் இருவரும் நின்றிருந்தபோது, பக்கத்தில் நீட்டிய ஸ்பேனரைச் சரி வாங்கவில்லை. இரண்டு முறை நீட்டியும் வாங்கவில்லை.

"என்னடா, கனவு காணுறியா?"

"பக்கத்துல இருக்கிறது தெரியலடா. நேரா பாத்தாத்தான் தெரியுது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்னாங்க." பிறகு ஸ்பேனரை வாங்கிக்கொண்டு சொன்னாராம்: "யார்கிட்டயும் சொல்லாதே. இன்னும் நாலு வருஷம் தள்ளிட்டா போதும்."

அன்று அத்தான் எந்தக் கருத்தும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பெட்டியின் கூரைமேல் தானே ஏறினார். அதுவரை அங்கே ஏறியவர் சரி. இனி அவர் மேலே சுவிட்சைப் பார்த்துக்கொள்ளட்டும், அது கைப்பழக்கத்தில் ஓடும் என்று அத்தான் முடிவுசெய்தார். அதாவது, கண் மங்கிக்கொண்டிருந்த ஒருவரின் கையில் தன் உயிரைக் கொடுத்துவிட்டுக் கூரையில் நின்றார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே நடந்தது. ஒரு சின்னத் தவறுகூட நேரவில்லை. வீட்டில் அக்காவுக்குக்கூட இது தெரியாது.

பிறகு கம்பெனிக்குப் புது மேலாளர் வந்தார். நல்லவர், கலகலப்பாகப் பேசுபவர். ஒருநாள் காலை அத்தானைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கட்டடத்துக்குப் போனார். வழியில் சிக்னலில் வண்டி நின்றது. மேலாளர் சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தார். அத்தானுக்குக் கேட்கவா வேண்டும்? கரும்பு தின்னக் கூலியா? இருவரும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சோடு பேச்சாக மேலாளர் கேட்டார்.

"உங்க கூட்டாளி எப்படி? ஆள் வாயே திறக்க மாட்டேங்கிறாரே?"

"அவனா? அவன் கண்ணை மூடிக்கிட்டே ஒரு லிஃப்டைப் பிரிச்சு மாட்டிடுவான் சார். இப்ப கிட்டத்தட்ட அப்படித்தான் செய்யுறான்."

மேலாளர் சிரித்தார். அத்தானும் சிரித்தார். பச்சை விளக்கு விழுந்தது.

புகழ்ந்துதான் சொன்னேன் என்று பின்னால் அத்தான் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் நம்புகிறேன். சொன்ன வாய் மூடுவதற்குள் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்ததாம். ஆனால் மேலாளர் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். தப்பித்தோம் என்று நினைத்தார்.

மூன்று வாரம் கழித்துச் சரியைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரு பக்கப் பார்வையும் பெரும்பாலும் போய்விட்டது என்று எழுதி வந்தது. அதற்குமேல் யாரும் எதுவும் செய்வதற்கில்லை. வாசலில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதும் வேலை தருவதாகச் சொன்னார்கள். கோட்டுக்குள் எழுத வராது என்று சரி மறுத்துவிட்டார். கடைசி நாள் ஒரு சிறிய கூட்டம் போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதைச் சரியின் வீடுவரை சுமந்துகொண்டு போனவர் அத்தான். வழி நெடுக வாய் ஓயாமல் பேசினாராம். அந்தச் சாலையில் தோண்டிப் போட்ட பள்ளங்களைப் பற்றி, கடிகாரத்தின் மட்டமான பிளாஸ்டிக்கைப் பற்றி.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அக்காவிடமும் என்னிடமும் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

"நீங்க அந்த மனுஷனைப் பெரிய பழியிலேர்ந்து காப்பாத்தியிருக்கீங்க," என்றாள் அக்கா. "உங்க உயிரையும்தான். ஏதாவது ஆகியிருந்தா? நாங்க என்ன பண்ணியிருப்போம்?"

"அது சரிதான். அந்த வேலையை அவன் விட்டிருக்கணும்தான். ஆனா அதை நான் அவன்கிட்ட இல்ல சொல்லியிருக்கணும்? 'டேய், போதும்டா, நிறுத்திக்க'ன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். கார் ஓட்டிக்கிட்டு இருந்தவன்கிட்ட சொன்னேன். அதுவும் சிரிக்க வைக்கிறதுக்காக."

"தெரியாம வந்துடுச்சு அத்தான்," என்றேன்.

"தவளையாவது தன் வாயால தான் கெடும். நான் என் வாயால அவனைக் கெடுத்தேன்."

"அவர்கிட்ட சொல்லிடுங்க," என்றாள் அக்கா.

"சொல்றேன்," என்றார்.

சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகப் போனார். சரி வழக்கம்போலத் தியேட்டர் வாசலில் காத்திருந்தார், சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு. அத்தானுக்கு வாய் வரவில்லை. அந்த வாரம் இல்லை, அடுத்த வாரம் என்று தள்ளினார். படத்தில் நடப்பதைச் சரியின் காதோரமாகச் சொல்வார். "இப்ப அவன் கடிதத்தைக் கிழிக்கிறான். அவ ஜன்னல் பக்கம் போறா. பின்னாடி ஒரு மொட்டை மரம், பெயின்ட் அடிச்சது அப்பட்டமா தெரியுது." முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள். சரி மட்டும் திரையைப் பார்த்தபடி தலையாட்டுவார். இடைவேளையில் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வருவார் அத்தான்.

இப்படியே ஆறு மாதம் போயிற்று. எங்கள் வீட்டு டீயும் நடந்தது. நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அத்தான் அந்த நாட்களில் முன்னைவிட இரண்டு மடங்கு பேசினார். பேச்சை நிறுத்தினால் எதிரே இருக்கும் அமைதி தன்னைக் கேள்வி கேட்குமோ என்று பயந்தவர்போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் பாதியிலேயே நின்றுவிட்டது. ஏதோ கோளாறு. விளக்கைப் போட்டுவிட்டுப் பொறுத்திருக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். வெளிச்சத்தில், காலி இருக்கைகளுக்கு நடுவில், சரியின் பக்கத்தில் உட்கார்ந்து அத்தான் கடைசியில் சொல்லிவிட்டார். சிக்னல், சிரிப்பு, சொன்ன வார்த்தை, ஒன்று விடாமல்.

"தெரியும்," என்றார் சரி.

"என்ன தெரியும்?"

"பரிசோதனைக்கு அனுப்பின காகிதத்துல எழுதியிருந்துச்சு. கூட வேலை பாக்குறவர் சொன்னதன் பேர்லன்னு. எம் பொண்ணு படிச்சுக் காட்டினா. கூட வேலை பாக்குறவன் எனக்கு வேற யாரு இருக்கான்?"

"அப்போ முதல்லேர்ந்தே தெரியுமா? தெரிஞ்சுமா இத்தனை நாள் என்கூட வந்தே?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"இப்ப சொல்லிட்டேன்டா."

"இப்ப சொல்லிட்டே." சரி தன் முழங்கால்களைத் தடவிக்கொண்டார். "வேலை போனதுகூடப் பரவால்ல. எப்படியும் போயிருக்கும். ஆறு மாசமா எல்லாத்தைப் பத்தியும் சொன்னே. மரத்துக்கு அடிச்ச பெயின்ட்டைப் பத்திச் சொன்னே. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு இதை மட்டும் சொல்லல. ஒவ்வொரு வாரமும் இன்னைக்குச் சொல்லுவான், இன்னைக்குச் சொல்லுவான்னு சட்டை மாத்திக்கிட்டு வருவேன். எனக்கு அலுத்துப்போச்சுடா. இனிமே என்னைக் கூப்பிடாதே."

படம் மறுபடி ஓட ஆரம்பித்தது. இருவரும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் காதோரம் எதுவும் சொல்லவில்லை. முடிந்ததும் கையைப் பிடிக்கப் போனார். சரி தன் கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார். முன்னிருக்கைகளின் முதுகைத் தொட்டுத் தொட்டுத் தானாகவே வெளியே போனார்.

அதன்பிறகு அத்தான் நாலைந்து தடவை அந்த வீட்டுக்குப் போனார். சரியின் மனைவி வாசலிலேயே நின்று, "தூங்குறார் அண்ணா," என்பார். அந்த அம்மாள் பொய் சொல்லத் தெரியாதவர். சொல்லும்போது பார்வை தரையில் இருக்கும். பிறகு ஒருநாள் போனபோது வீடு பூட்டியிருந்தது. மகள் வேலை பார்க்கும் ஊருக்கே குடிபோய்விட்டார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள்.

வேலையில் அத்தானுக்குப் புதுக் கூட்டாளியாக ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. "இவருக்கு ஏன் அபிப்பிராயம்னு பேரு? வாயே திறக்க மாட்டேங்கிறாரே," என்று அவள் அலுவலகத்தில் கேட்டாளாம். சினிமாவுக்கு அக்கா கூப்பிட்டால் போவார். எப்படி இருந்தது என்று கேட்டால், "உனக்குப் பிடிச்சுதா?" என்று திருப்பிக் கேட்பார்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு பயிற்சி வகுப்புக்காக நான் சரியின் மகள் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. "நானும் வர்றேன்மா," என்றார் அத்தான். வேறொன்றும் சொல்லவில்லை. முகவரியை எப்படிப் பிடித்தாரோ தெரியாது, சட்டைப்பையில் வைத்திருந்தார்.

மூன்றாம் மாடி. படியேறினோம். நான் பாதிப் படியில் நின்றுகொண்டேன். அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று. அத்தான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மணியை அழுத்தினார்.

உள்ளே சுவரைத் தடவிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. சரி நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவை அத்தானின் தோளைத் தாண்டி எங்கோ இருந்தன.

"யாரு?"

அத்தான் வாயைத் திறந்தார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"யாருங்க? பொண்ணு வேலைக்குப் போயிருக்கா. வீட்டுல வேற யாரும் இல்ல."

நானாவது பேசியிருக்கலாம். 'நாங்கதான்' என்று ஒரு வார்த்தை. எனக்கும் வரவில்லை. அது என் வார்த்தை இல்லை என்று தோன்றியது.

சரி போய்விடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதிரே இருப்பவரின் மூச்சைக் கேட்பதுபோல. இருபத்திரண்டு வருஷம் ஒரே கிணறு போன்ற இருட்டில் ஒருவர் குரலுக்காக ஒருவர் காத்திருந்தவர்கள் அவர்கள். மூச்சு தெரியாமலா இருக்கும்? அவர் முகத்தில் ஏதோ மாறியது. கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"கதவைச் சாத்திக்கட்டுமா?" என்று கேட்டார், மிக மெதுவாக.

அத்தான் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பார்க்க முடியாதவரிடம் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுச் சரி கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தவில்லை. தாழ்ப்பாள் விழும் ஓசைகூடக் கேட்கவில்லை.

நான் ஏறிப்போய் அத்தானின் முழங்கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தேன். தெருமுனைக் கடையில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு, முன்னிருக்கைக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் தூங்குகிறார் என்று நினைத்தேன். ஊர் நெருங்கும்போது பார்த்தால், கண்ணீர் சொட்டிச் சொட்டி அவருடைய காலடியில் தரை ஈரமாக இருந்தது.