நிற்காத சுழி

வலன்ரைன் குனிந்து, வாசற்படியில் கிடக்கும் சப்பாத்தை ஒரு விரலால் புரட்டிப் போடுகிறார். சாரத்து மடிப்பிலிருந்து பழைய றேடியோ ஸ்பீக்கரின் காந்தம் வெளியே வருகிறது. அதைச் சொப்பிங் பைக்குள் போட்டு, பையோடு சேர்த்துச் சப்பாத்தின் அடியில் மெதுவாக இழுக்கிறார். கருமணல் சிலிர்த்துக்கொண்டு ஒட்டுகிறது. காந்தத்தைப் பையிலிருந்து எடுத்ததும் உதிர்வதை உள்ளங்கையில் வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்க்கிறார்.

"இது கடக்கரைக்குப் போன சப்பாத்து. மீற்றர் வாசிக்கிறவனுக்கு அங்க என்ன வேலை?"

தபால்காரர், மீற்றர் வாசிப்பவர், பங்குச் சுவாமி, யாருக்கும் விலக்கில்லை. "உந்த மனிசன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் சுவாமியைத்தான் விசாரிக்கும்," என்பார் மனைவி எடித்.

அந்த வீட்டு முன்னறையில் ஆறு மாதமாக வாடகைக்கு இருக்கிறாள் றொஷேல். சொந்த ஊர் விடத்தல்தீவு. இந்தத் தென்கரைப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு இருக்கும் ஒரே பௌதிகவியல் ரீச்சர். அவளுடைய சப்பாத்தும் தினமும் புரண்டுதான் கிடக்கும். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு படியில் கால் வைக்கும்போதே, எங்கெங்கு நடந்தோம் என்று அவளே கணக்குப் பார்க்கத் தொடங்கினாள்.

பள்ளி விட்டு வந்தால் மடிக்கணினிதான். பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஆய்வு. கொடுக்க இன்னும் எட்டு வாரம். "அதில அப்பிடி என்ன பிள்ளை கிடக்கு?" என்று ஒருநாள் வலன்ரைன் கதவோடு நின்று கேட்டார். அவள் சொன்னாள். காந்தத்தன்மை கூடிய ஓர் உலோகத்தின் அணுக்களை வாயுவாக்கி, இதற்கு மேல் குளிராது என்ற எல்லைக்குக் கிட்டவாகக் குளிரவைப்பார்கள். காந்தப்புலத்தைச் சுழற்றினால் அந்த வாயுவும் சுழலும். தேநீரைக் கலக்கினால் நடுவில் ஒரு குழிதான் விழும். இதிலோ ஒரே அளவில் பல குழிகள். மற்ற வாயுக்களில் முக்கோணங்களாக நிற்கும் அவை, இங்கே காந்தம் சாய்ந்த பக்கம் பார்த்து வரிசை கட்டும்.

"நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லை அங்கிள். கணக்குத்தான்."

"காணாத ஓட்டையை எப்பிடிக் கீறினனீங்கள்?" திரையில் இருந்த படத்தைப் பார்த்துச் சிறிது யோசித்தார். "வள்ளத்து இஞ்சினை நிப்பாட்டினா காத்தாடிச் சுழி போயிடும். உது?"

"உதில உராய்வில்லை. நிப்பாட்டினாலும் கனநேரம் சுத்தும்."

"நிப்பாட்டினாலும் நிக்காத சுழியோ? அப்ப அது கொம்பனிதான்."

கொம்பனி என்றால் கடற்கரைக் கருமணலைத் தேடி வரும் கனிமமணல் கொம்பனி. நான்கு வருடத்துக்கு முன் அவருடைய தங்கையின் காணியில் வேலிக்குள்ளால் வந்து, வரிசை வரிசையாகத் துளை போட்டுப் போயிருந்தது.

அடுத்த வாரம் றொஷேல் அச்சடித்து வைத்த ஒரு தாளைக் காணவில்லை. நீளவட்டம், அதற்குள் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், பக்கத்தில் ஒரு அம்புக்குறி. ஞாயிறு பூசை முடிந்ததும் அவளைக் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்துக்கு வரச் சொன்னார்கள். தாள் மேசையில் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று: ரீச்சர் கொம்பனிக்கு வரைபடம் கீறுகிறார், உடனே இடம் மாற்றவும் என்று வலயக் கல்விக் கந்தோருக்கு மனு. கதிரையின் விளிம்பில் இருந்த அவளுக்கு, ஆய்வின் கெடுவும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரின் பரீட்சையும் ஒன்றாக நெஞ்சில் ஏறின.

"இது எந்த வட்டாரம் ரீச்சர்?" என்றார் வலன்ரைன், புள்ளிகளில் விரலை ஊன்றி.

"நிலமில்லை அங்கிள். கீழ இருக்கிற கோடுதான் அளவு. இந்த முழுப் படமும் உங்கட தலைமயிர் ஒண்டின்ர தடிப்புக்குள்ள அடங்கும்."

செயலாளர் றொட்னி வலன்ரைனின் வழுக்கையைப் பார்த்தான். "அப்ப அண்ணையின்ர காணி தப்பிச்சுது!"

எல்லோரும் சிரித்தார்கள். வலன்ரைன் சிரிக்கவில்லை. முறைப்பாட்டுக்காரர் அவர், முதல் கையெழுத்து அவருடையது. றொட்னி பேனையை நீட்டினான். மனுவை விரல் வைத்து ஒருமுறை வாசித்தார். திரும்பவும் மேலிருந்து வாசித்தார்.

"நான் போட்டா மற்றவையும் போடுவினம், என்ன?"

"ஓம், அதுக்குத்தானே அண்ணை."

பேனையை மூடி, றொட்னியின் சேட்டுப் பையில் தானே செருகிவிட்டார். "ரீச்சரை நம்பிறன் எண்டில்லை," என்று சொல்லிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு ஒருவரும் பேனையைக் கேட்கவில்லை.

எடித் அன்ரி சொல்லித்தான் றொஷேலுக்கு மிச்சம் பின்னர் தெரிந்தது. நான்கு வருடத்துக்கு முன், தென்னங்கன்று தருவதாகச் சொல்லி, யாரோ ஒரு தாளில் ஊராரிடம் கையெழுத்து வாங்கிப் போனார்கள். அந்தத் தாளைக் காட்டித்தான் கொம்பனி துளை போட்டது. அதில் முதல் பெயர் வலன்ரைனுடையது.