ஈரச் சுவரும் பதினொரு தொண்டர்களும்

குமணன்சாவடி அருகே, காது கேளாதோர் சங்கக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கச் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறோம். பதினொரு பேருக்கும் ஒரே மாதிரி நீலச் சட்டை. சைகை மொழியில் இரண்டு மணி நேரப் பயிற்சி பெற்றிருக்கிறோம். பெயின்ட் அடிப்பதில் அதுவும் இல்லை.

காலையிலிருந்து சங்க உறுப்பினர் ஒருவர் எங்களைப் பார்த்து இரு கைகளையும் வேகமாக ஆட்டுகிறார். காது கேளாதவர்கள் அப்படித்தான் கைதட்டுவார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். நாங்களும் மகிழ்ந்துபோய்க் கைகளை ஆட்டிவிட்டு, இன்னும் மும்முரமாக அடிக்கிறோம்.

பதினொரு மணிக்கு அவர் மனைவி டீ கொண்டுவருகிறார். அவருக்குக் காது கேட்கும்.

"உங்க வீட்டுக்காரர் ரொம்பப் பாராட்டுறாரே" என்கிறேன்.

"பாராட்டா? அடிக்காதீங்கன்னு சொல்லிகினு கீறாரு சார். மழைல செவுரு ஊறிக் கீது, இப்ப அடிச்சா உரிஞ்சி வந்துடும். இருபது வருசமா பெயின்டரு சார் அவரு."

குழுத் தலைவியிடம் ஓடிப்போய்ச் சொல்கிறேன். அவர் சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை, கைபேசியைப் பார்க்கிறார்.

"நாளைக்கு ஃபிளைட். வேலை முடிஞ்ச படம் இல்லாம எப்படிப் போறது?"

மனைவி அதைக் கைகளால் சொல்கிறார். பெயின்டர் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்கிறார்.

"படம் எடுத்துக்குங்களாம் சார். நீங்க பஸ் ஏறினதுக்கு அப்பால சொரண்டிக்கிறாராம்."